திரைமுன் இளைப்பாறல்: தொலைக்காட்சி தரும் ஓய்வின் அறிவியல்

உழைப்புக்குப் பின் ஓய்வு தேடுவது உயிரினங்களுக்குப் பொதுவான இயல்பு என்றாலும், அந்த ஓய்வை ஒளிரும் திரையொன்றின் முன் அமர்ந்து பெறும் வழக்கம் தோன்றி ஒரு நூற்றாண்டே ஆகிறது. 1926 ஜனவரி 26 அன்று லண்டனின் சோஹோ பகுதியில் ஜான் லோகி பேர்ட் தம் கருவியின் வழியே அசையும் மனித முகத்தை அறிஞர்களுக்குக் காட்டினார். 1936 நவம்பரில் பிபிசி நிறுவனம் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவில் 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஒளிபரப்பு, 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையை எட்டியது. அதன்பின் வளர்ந்த தமிழ்த் தலைமுறைகளில் பலருக்கு, பள்ளி நாட்களில் தொடங்கி முதுமை வரை நீளும் ஒரே மாலைநேரப் பழக்கமாகத் தொலைக்காட்சி அமைந்துவிட்டது.

இந்தப் பழக்கத்தைக் குறித்து இரண்டு தீர்ப்புகள் காலந்தோறும் சொல்லப்பட்டு வந்துள்ளன. தொலைக்காட்சி மூளையை மழுங்கடிக்கும் வீண்பொழுது என்பது ஒன்று; களைத்தவருக்குக் கிடைக்கும் எளிய, மலிவான, தீங்கற்ற ஆறுதல் என்பது மற்றொன்று. கடந்த அரை நூற்றாண்டில் உளவியலும் நரம்பியலும் உடலியங்கியலும் திரட்டிய சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், இவ்விரண்டும் பாதி உண்மைகளே என்பது தெளிவாகும். தொலைக்காட்சி தரும் தளர்வு உடலில் உண்மையாகவே நிகழ்வது. ஆனால் அது இயல்பாகவே குறுகிய ஆயுள் கொண்டது. அந்த ஆயுளைத் தீர்மானிப்பதில் பார்க்கும் முறைக்கும் பார்க்கும் நேரத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

ஓய்வை அளந்த முறை

ஓய்வு என்பது அகத்தில் நிகழும் அனுபவம் ஆகையால், அதை அளப்பது எளிதன்று. நேற்று மாலை எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டால், மனிதர்கள் நினைவிலிருந்து திருத்தியே விடை சொல்வார்கள். இந்தக் குறையைத் தவிர்க்க, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் அவருடைய சகாக்களும் 'அனுபவ மாதிரி முறை' என்னும் ஆய்வு முறையை உருவாக்கினர். இதன்படி, ஆய்வில் பங்கேற்பவர் பேஜர் போன்ற சிறு ஒலிக்கருவி ஒன்றை ஒரு வாரம் தம்முடன் வைத்திருப்பார். அது நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு முறை எதிர்பாராத வேளைகளில் ஒலிக்கும். ஒலித்த கணத்தில் தாம் செய்துகொண்டிருக்கும் செயலையும், தம் மனநிலை, விழிப்பு, தளர்வு ஆகியவற்றின் அளவையும் அவர் ஒரு படிவத்தில் குறிப்பார்.

இம்முறையைத் தொலைக்காட்சிக்குப் பொருத்திய ராபர்ட் கியூபியும் சிக்சென்ட்மிஹாயும் 1990ஆம் ஆண்டு தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் ஒலி கேட்டவர்கள், தாம் தளர்வாகவும் செயலற்றும் இருப்பதாகப் பதிவு செய்தனர், இது எதிர்பார்த்ததே. ஆனால் தொலைக்காட்சியை அணைத்தபின் தளர்வு விரைவில் மறைந்துவிட, செயலற்ற தன்மையும் மந்தமான விழிப்பும் மட்டும் தொடர்ந்து நீடித்தன. விளையாட்டிலோ பொழுதுபோக்குக் கலைகளிலோ ஈடுபட்டவர்களின் மனநிலை அதன்பின் மேம்பட்டிருந்தது. தொலைக்காட்சி பார்த்தவர்களின் மனநிலை முன்பிருந்தபடியோ, சற்றுத் தாழ்ந்தோ இருந்தது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பார்ப்பவர்கள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகப் பார்ப்பவர்களைவிடக் குறைவான இன்பத்தையே அதிலிருந்து பெற்றனர்.

தொலைக்காட்சியை நிறுத்துவது ஏன் கடினம் என்பதற்கான விளக்கமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. திரையின் முன் அமர்ந்த சில நிமிடங்களிலேயே தளர்வு தொடங்குகிறது. எழுந்ததும் அது முடிந்துவிடுகிறது. ஒரு செயலைத் தொடர்ந்து உடனடியாக நற்பயன் கிடைத்தால் அச்செயலை மீண்டும் செய்யும் நாட்டம் வலுப்பெறும் என்பதைக் கற்றல் உளவியல் 'வலுவூட்டல்' என்று அழைக்கிறது. அமர்வதற்குப் பரிசும் எழுவதற்கு இழப்பும் உடனுக்குடன் கிடைக்கும்போது, இன்னும் சிறிது நேரம் என்று மனம் கேட்பதில் வியப்பில்லை.

கண்ணைக் கட்டிப்போடும் அனிச்சை

திரை தன் பக்கம் கண்ணை இழுக்கும் ஆற்றல், மனித இனத்தைவிடப் பழமையான ஓர் உயிரியல் ஏற்பாட்டைச் சார்ந்தது. புதிய ஒலியோ திடீர் அசைவோ தோன்றினால், விலங்கு தான் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அத்திசையில் புலன்களைத் திருப்புகிறது. ரஷ்ய உடலியங்கியலாளர் இவான் பாவ்லோவ் 1927ஆம் ஆண்டு விரிவாக எழுதிய இந்த எதிர்வினைக்கு 'நோக்கு அனிச்சை' என்று பெயர். விருப்பமின்றித் தானாக நிகழ்வதால் அது அனிச்சை எனப்படுகிறது. அவ்வேளையில் இதயத் துடிப்பு சில நொடிகள் மெதுவாகிறது, பெருந்தசைகளுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, மூளைக்குச் செல்பவை விரிகின்றன. அதாவது, உடல் அசையாதிருக்க, மூளை செய்தியைத் திரட்டுகிறது. புதரசைவில் வேட்டை விலங்கையோ இரையையோ கண்டறிய இது உதவியது.

தொலைக்காட்சியில் காட்சி மாறும் ஒவ்வொரு வெட்டும், அண்மைக் காட்சிக்குத் தாவும் ஒவ்வொரு நகர்வும், திடீர் இசையும் இந்த அனிச்சையைத் தூண்டுகின்றனவா என்னும் கேள்வியை, பைரன் ரீவ்ஸ், எஸ்தர் தோர்சன் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 1986 முதல் ஆராய்ந்தனர். தூண்டுகின்றன என்பதே விடை. அவர்களைத் தொடர்ந்து ஆய்வு செய்த ஆனி லாங், அத்தகைய ஒவ்வொரு தூண்டுதலுக்குப் பின்னும் இதயத் துடிப்பு நான்கு முதல் ஆறு நொடிகள் வரை குறைவதை அளந்து காட்டினார். நிதானமாக நகரும் நாடகத்தில் அல்லது இயற்கை குறித்த நிகழ்ச்சியில் இந்த அனிச்சை இடைவெளிவிட்டு எழுவதால், உடல் தளர்ந்திருக்க, கவனம் இலேசாக விழித்திருக்கும் இனிய நிலை உண்டாகிறது. நொடிக்கு நொடி வெட்டுகள் மாறும் விளம்பரங்களிலும் இசைக் காணொளிகளிலுமோ அனிச்சை ஓயாமல் தூண்டப்படுவதால், எதையும் செய்யாதிருந்தும் களைப்பே மிஞ்சுகிறது. ஆகவே, ஒரே கருவி ஒருவரை இளைப்பாற்றவும் சோர்வடையச் செய்யவும் வல்லது.

மூளை உறங்குகிறதா?

தொலைக்காட்சி பார்ப்பவரின் மூளை அரைத்தூக்கத்தில் ஆழ்கிறது என்னும் கருத்து பரவலாக வழங்குகிறது. தலையின் மேற்பரப்பில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்யும் முறைக்கு 'மூளை மின்னலைப் பதிவு' என்று பெயர். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டு மனிதரிடம் முதன்முறையாக அதைச் செய்து, 1929ஆம் ஆண்டு வெளியிட்டார். நொடிக்கு 8 முதல் 13 முறை வரை அலையும் 'ஆல்ஃபா' அலைகள், விழித்திருந்தும் ஓய்வாக இருக்கும் நிலையில் மிகுதியாகக் காணப்படும். 1971ஆம் ஆண்டு ஹெர்பர்ட் கிரக்மேன் வெளியிட்ட ஆய்வு, வாசிக்கும்போது இருப்பதைவிடத் திரையைப் பார்க்கும்போது மூளை தளர்ந்த நிலையில் இருப்பதாகக் கூறியது. மூளை உறங்குகிறது என்னும் பேச்சுக்குப் பெரிதும் வித்திட்ட அந்த ஆய்வு ஒரே ஒருவரை வைத்துச் செய்யப்பட்டதாகும். பின்வந்த ஆய்வுகளும் வாசிப்பைவிடத் திரை குறைந்த மனத்தூண்டலைத் தருவதாகக் காட்டினாலும், குறைந்த உழைப்பும் உறக்கமும் ஒன்றல்ல.

மூளையில் எந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது என்பதைக் காந்தப்புலத்தின் உதவியால் அறியும் வருடி முறை, இதை மேலும் தெளிவாக்கியது. 2004ஆம் ஆண்டு யூரி ஹாசனும் அவருடைய சகாக்களும் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' என்னும் திரைப்படத்தின் அரைமணி நேரப் பகுதியைப் பலருக்குத் தனித்தனியே காட்டி, அவர்களின் மூளையைப் பதிவு செய்தனர். பெருமூளைப் புறணிப் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்தில், வெவ்வேறு மனிதர்களின் மூளைச் செயல்பாடு ஒரே தாளத்தில் எழுந்து தாழ்ந்தது. கதையைப் பின்தொடரும் மூளை முகங்களை அடையாளம் காண்கிறது, உணர்வுகளை ஊகிக்கிறது, அடுத்து நிகழப்போவதை எதிர்பார்க்கிறது. கவனத்தை எங்கே வைப்பது என்னும் முடிவைத்தான் அது இயக்குநரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

தளர்வின் முக்கியக் காரணம் இந்த ஒப்படைப்பிலேயே இருக்கலாம். புறவேலை ஏதுமின்றி இருக்கும்போது மூளையின் குறிப்பிட்ட பகுதிகள் ஒருங்கே செயல்படுவதை மார்கஸ் ரெய்க்கிளும் சகாக்களும் 2001ஆம் ஆண்டு விளக்கினர். 'இயல்பு நிலை வலையமைப்பு' எனப்படும் இப்பகுதிகள், தன்னைப் பற்றிய எண்ணம், கடந்ததன் நினைவு, வருவதன் திட்டம் ஆகியவற்றோடு தொடர்புடையவை. கவலையுற்றவருக்கு வெறுமனே அமர்ந்திருப்பது ஓய்வாகாமல் போவதும், எண்ணங்கள் சுழன்று சுழன்று வருவதும் இந்த அகநோக்கின் விளைவுகளே. கதையொன்று கவனத்தை வெளியே ஈர்த்துக்கொள்ளும்போது அந்தச் சுழற்சி சற்று நேரம் அறுபடுகிறது.

மனநிலைக்கு ஏற்ற தேர்வு

பார்வையாளர் திரை தருவதையெல்லாம் விழுங்கும் பொம்மை அல்லர் என்பதை டால்ஃப் ஸில்மேன் உருவாக்கிய 'மனநிலை மேலாண்மை' கொள்கை வலியுறுத்துகிறது. மனிதர்கள் தாம் இருக்கும் மனநிலையைச் சீர்செய்யும் நிகழ்ச்சிகளை, பெரும்பாலும் அறியாமலேயே, தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். ஜென்னிங்ஸ் பிரையன்ட்டும் ஸில்மேனும் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், ஒரு குழுவினரைச் சலிப்பூட்டும் வேலையிலும் மற்றொரு குழுவினரை மன அழுத்தம் தரும் வேலையிலும் ஈடுபடுத்தியபின், காத்திருக்கும் நேரத்தில் விரும்பியதைப் பார்க்கலாம் என்று தொலைக்காட்சியோடு விட்டனர். சலித்திருந்தவர்கள் பெரும்பாலும் விறுவிறுப்பான நிகழ்ச்சிகளை நாடினர். அழுத்தத்துக்கு உள்ளானவர்களோ அமைதியான நிகழ்ச்சிகளை மற்றவர்களைவிடக் கணிசமாக அதிக நேரம் பார்த்தனர். அலுவலகத்தில் அலைக்கழிந்து வந்தவர் பழைய நகைச்சுவைக் காட்சிகளையும், பகலெல்லாம் தனித்திருந்தவர் பரபரப்பான தொடரையும் தேடுவது இவ்வகைத் தன்மருத்துவமே.

ஒரே நிகழ்ச்சியை ஆண்டுக்கணக்கில் விரும்பிப் பார்ப்பதற்கு உறவு சார்ந்த காரணமும் உண்டு. 1956ஆம் ஆண்டு டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய இருவரும், திரையில் தொடர்ந்து தோன்றும் மனிதரோடு பார்வையாளருக்கு ஏற்படும் நெருக்கத்தைக் குறித்து எழுதினர். அந்த மனிதர் பார்வையாளரை அறியமாட்டார் என்றாலும், பார்வையாளரின் உள்ளத்தில் அவர் தெரிந்தவராகவே வாழ்கிறார். இந்த ஒருவழி உறவை உளவியல் நோயாகக் கருதுவதில்லை, மனிதரின் உறவு நாடும் இயல்பு தன் வழக்கமான வேலையைச் செய்வதாகவே கருதுகிறது. செய்தி வாசிப்பாளரின் குரல், தொடரின் தாய்ப் பாத்திரம், கிரிக்கெட் வருணனையாளர் என்று பல தலைமுறைகளின் வீட்டுக்குள் வந்தவர்கள் இப்படிப்பட்டவர்களே. 2009ஆம் ஆண்டு ஜே டெரிக்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகளில், தனிமை உணர்ந்த வேளைகளில் மக்கள் தமக்குப் பிடித்த நிகழ்ச்சியை நாடுவதும், அதைப் பார்க்கையில் தனிமை குறைவதாக உணர்வதும் வெளிப்பட்டன. கிடைத்ததைப் பார்ப்பதால் இந்தப் பயன் கிடைக்கவில்லை. விருப்பமான, பழகிய நிகழ்ச்சியே அதைத் தந்தது. முடிவு தெரிந்த கதையை மறுபடி பார்க்கையில் அச்சமோ பதற்றமோ இன்றி இன்பத்தை மட்டும் பெற முடிகிறது என்பதால், முதியோர் பழைய படங்களையே திரும்பத் திரும்ப விரும்புவதைக் குறை சொல்ல இடமில்லை.

மீட்சியும் குற்ற உணர்வும்

வேலையில் செலவான உடல், மன ஆற்றல் மீண்டும் நிரம்புவதை உளவியலாளர்கள் 'மீட்சி' என்பர். சபீனா சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் ஆகியோர் 2007ஆம் ஆண்டு மீட்சிக்குரிய நான்கு அனுபவங்களை வகுத்தனர்: வேலையைப் பற்றிய எண்ணத்திலிருந்து மனம் விலகுதல், உடல் தளர்தல், புதிய திறனொன்றில் தேர்ச்சி பெறுதல், தன் நேரம் தன் கையில் இருப்பதாக உணர்தல். தொலைக்காட்சி முதலிரண்டையும் தாராளமாகத் தருகிறது. மூன்றாவதை அது அரிதாகவே தருவதால், தோட்டவேலையும் இசைப்பயிற்சியும் விளையாட்டும் தரும் மலர்ச்சியை அதனிடம் எதிர்பார்க்க இயலாது. நான்காவதோ முழுவதும் பார்ப்பவரைப் பொறுத்தது: விரும்பிய நிகழ்ச்சியைத் திட்டமிட்டுப் பார்த்தவருக்கு அது கிட்டும், ரிமோட்டை அழுத்தி அழுத்தி அலைவரிசை மாற்றிக்கொண்டே இருந்தவருக்குக் கிட்டாது.

இந்த மீட்சிக்குக் குறுக்கே நிற்பது குற்ற உணர்வு. லியோனார்ட் ரெய்னெக்கே, டிலோ ஹார்ட்மன், அலிசன் ஈடன் ஆகியோர் 2014ஆம் ஆண்டு 471 பேரிடம் நடத்திய ஆய்வில், வேலைக்குப்பின் மிகவும் களைத்திருந்தவர்களே தொலைக்காட்சி பார்ப்பதைக் கடமையைத் தள்ளிப்போடும் தவறாகக் கருதினர் என்பதும், அந்தக் குற்ற உணர்வு அவர்கள் பெற்ற மீட்சியைக் குறைத்தது என்பதும் தெரியவந்தன. ஓய்வு மிகத் தேவைப்பட்டவருக்கே ஓய்வின் பயன் குறைந்த இந்த நிலை, ஓய்வைச் சோம்பலென இகழும் பழக்கத்தின் விளைவு என்று கொள்ளலாம். நாள் முழுதும் வீட்டுவேலை செய்து ஓய்ந்த பெண், ஒரு தொடரைப் பார்க்க அமர்ந்ததற்காகச் சாடப்படும்போது, அவருக்கு உரிய ஓய்வே பறிக்கப்படுகிறது.

எல்லை கடக்கும்போது

தளர்வு தரும் அதே அமர்நிலை, நீளும்போது உடலுக்குச் சுமையாகிறது. ஆஸ்திரேலியாவில் 8,800 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, டேவிட் டன்ஸ்டனும் சகாக்களும் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தொலைக்காட்சி பார்த்தவர்களைவிட, நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் பார்த்தவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு 80 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 3,662 பேரிடம் டெய்சி ஃபேன்கோர்ட்டும் ஆண்ட்ரூ ஸ்டெப்டோவும் நடத்தி 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பார்த்தவர்களின் சொல் நினைவாற்றல் ஆறு ஆண்டுகளுக்குப் பின் கூடுதலாகக் குறைந்திருந்தது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளேயன்றி, தொலைக்காட்சியே காரணம் என்று மெய்ப்பிப்பவை அல்ல. உடல்நலம் குன்றியவர்கள் அதனாலேயே அதிகம் பார்த்திருக்கவும் கூடும். எனினும், நீண்ட நேரம் அசையாது அமர்வதன் தீங்கு சோதனை வழியாகவும் தெரிகிறது: 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் நடந்தவர்களிடம், உணவுக்குப்பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் அளவு தொடர்ந்து அமர்ந்திருந்தபோது இருந்ததைவிடக் குறைவாக இருந்ததை, எடை மிகுந்தோரிடம் டன்ஸ்டன் குழுவினர் 2012ஆம் ஆண்டு காட்டினர்.

உறக்கத்தின் கதை சற்றே வேறுபட்டது. கண்ணின் விழித்திரையில் நீல ஒளியை உணரும் சிறப்பு உயிரணுக்கள், உறக்கத்துக்கு உடலை ஆயத்தமாக்கும் மெலட்டோனின் என்னும் இயக்குநீரின் சுரப்பைக் கட்டுப்படுத்துகின்றன. முகத்தருகே பிடிக்கும் கைபேசியைவிட, அறையின் மறுமுனையில் இருக்கும் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை அடையும் ஒளி பொதுவாகக் குறைவே. உறக்கத்தை அதைவிட அதிகமாகக் குலைப்பது கதை மூட்டும் கிளர்ச்சி. லீஸ் எக்செல்மன்ஸ், யான் வான் டென் புல்க் ஆகியோர் 2017ஆம் ஆண்டு 18 முதல் 25 வயது வரையுள்ள 423 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு தொடரின் பல பகுதிகளை ஒரே அமர்வில் பார்ப்பவர்களின் உறக்கத் தரம் குறைந்திருந்தது. படுத்தபின்னும் கதையைப் பற்றியே ஓடிய எண்ணங்கள் அதற்குக் காரணமாக அமைந்தன. முடிவடையாத செயல் முடிந்த செயலைவிட நினைவில் அழுத்தமாக நிற்கும் என்று புளூமா ஸீகார்னிக் 1927ஆம் ஆண்டு எழுதினார். உச்சக்கட்டத்தில் 'தொடரும்' போடும் உத்தியும், அடுத்த பகுதியைத் தானாகத் தொடங்கும் இணையச் சேவைகளும் மனத்தின் இந்த நாட்டத்தையே பயன்படுத்துகின்றன. வாரம் ஒருமுறை வந்த தொடருக்கு ஒளிபரப்பு அட்டவணையே எல்லை வகுத்தது. இன்றோ அந்தப் பொறுப்பு பார்ப்பவரின் தோளில் விழுந்திருக்கிறது.

திரை எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதும் எண்ணத்தக்கது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மலைகளின் அமைப்பால் ஒளிபரப்பு எட்டாதிருந்த சிற்றூர் ஒன்றுக்கு 1973ஆம் ஆண்டு தொலைக்காட்சி வந்தது. அதன் முன்னும் பின்னும் அவ்வூரை ஆராய்ந்த டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் குழுவினர், விளையாட்டிலும் ஊர்ப் பொதுநிகழ்ச்சிகளிலும் மக்களின் பங்கேற்பு குறைந்ததைப் பதிவு செய்தனர். மனிதத் துணை இல்லாத நேரத்தை நிரப்பும் தொலைக்காட்சி ஆறுதலாகிறது. மனிதத் துணையின் நேரத்தையே எடுத்துக்கொள்ளும் தொலைக்காட்சி இழப்பாகிறது.

வாழ்நாள் விருப்பத்தைப் பேணும் வழி

இந்தச் சான்றுகள் அனைத்தும் ஒரே திசையையே காட்டுகின்றன. பார்ப்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தல், களைப்பின் தன்மைக்கேற்ப அமைதியானதையோ விறுவிறுப்பானதையோ நாடுதல், இயன்றவரை வீட்டாரோடு சேர்ந்து பார்த்துப் பேசுதல், விளம்பர இடைவேளைகளில் எழுந்து நடத்தல், உறங்கப் போகும் முன் பதற்றமூட்டும் தொடரைத் தவிர்த்தல், ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அணைத்துவிடுதல் ஆகிய எளிய ஒழுங்குகள், திரை தரும் தளர்வைக் காத்து அதன் தீங்கைக் குறைக்கும். குழந்தைகளைப் பொறுத்தவரை கூடுதல் கவனம் தேவை. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரைநேரமே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையிலானோருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியது.

தொலைக்காட்சியை வாழ்நாள் முழுதும் விரும்பிப் பார்ப்பவர் அதற்காக நாண வேண்டியதில்லை. அந்த விருப்பத்தைச் சோம்பலென்று பழிப்பவர்கள் மீட்சி என்னும் உடல்தேவையை மறந்தவர்கள். ஆனால் தளர்வு தொடக்கத்திலேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது என்பதையும், அதன்பின் நீள்பவை பெரும்பாலும் பழக்கத்தின் நேரங்களே என்பதையும் அவர் உணர்ந்திருக்க வேண்டும். விரும்பியதைக் குற்ற உணர்வின்றிப் பார்ப்பதும், பார்த்து முடித்ததும் தயக்கமின்றி அணைப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் தொலைக்காட்சி பார்ப்பது ஓய்வாகும்.